வவ்வாலுக்குக் காவல் நின்ற மைனி

மைனி, உங்களை இப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். உங்கள் சொந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ரேஷன் கடையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட என் முதுகைத் தள்ளிவிட்டு, "நீ முன்னால போட்டி, எல்லாரும் பாக்காங்க" என்பீர்கள். அதனால் மைனி என்றே இருக்கட்டும்.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மைனி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ரெண்டு விசைத்தறி ஓடுகிறது. துண்டு நெய்கிறோம். வீட்டில் அம்மா, அண்ணன், மைனி, அவர்கள் மகள் பாப்பா, நான். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறியில் நின்றவள். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. நினைப்பு வருகிறபடி சொல்கிறேன்.

மைனி ஒளிந்துகொள்கிற ஆள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். வீட்டுக்கு யாராவது வந்தால் காபி போட்டு என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது எப்போதும் ஒரு தோளாகவோ ஒரு காதாகவோதான் இருப்பாள். அவள் முழுசாகத் தெரிகிற படம் வேண்டும் என்று இப்போது தேடுகிறோம். கிடைக்கவில்லை.

அவள் ஒளிந்ததற்குக் காரணம் மூச்சு. அவளுக்கு இழுப்பு இருந்தது. பனிக்காலத்திலும் மழைக்காலத்திலும் நெஞ்சுக்குள் கீச் கீச்சென்று சத்தம் வரும். பக்கத்தில் படுத்தால் கேட்கும். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே இது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "தறிப் பஞ்சு ஒத்துக்கிடல" என்று அவள் அம்மா சொன்னாள். நாங்களும் நம்பினோம். நல்லா இருந்த பிள்ளையைக் கூட்டிவந்து நோயாளி ஆக்கிவிட்டோமே என்று எங்கள் அம்மாவுக்கு ஒரே வேதனை. மைனியைத் தறிப்பக்கமே விடவில்லை. தினமும் தூதுவளை ரசம். ஒரு வெள்ளிக்கிழமை கோமதி அம்மன் சந்நிதியில் நின்று, "எங்க பொழப்பு அடுத்த வீட்டுப் பிள்ளையத் தின்னுட்டுதே தாயே" என்று அம்மா அழுததை நானே பார்த்தேன். மைனி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் அவள் ஒளித்து வைத்திருந்தாள். வாயில் வைத்து அழுத்தி இழுக்கிற மருந்து இருக்கிறதே, எங்கள் பக்கம் பம்பு என்போம். அதைப் பழகிவிட்டால் சாகிறவரை விட முடியாது, கடைசி மருந்து அது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. அதனால் மைனி அதைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். இழுப்பு வரும்போது டப்பாவை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள். குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தில் பம்பு அடிக்கிற சத்தம் வெளியே கேட்காது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவட்டி கால் கழுவுவ? தண்ணி உங்க அப்பன் வீட்டுல இருந்தா வருது?" என்று அம்மா கத்துவாள்.

"பிசுபிசுன்னு இருந்துச்சு அத்தை" என்று சொல்லிக்கொண்டே மைனி வெளியே வருவாள். முகம் தெளிந்திருக்கும்.

எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் தாழ் போடாமல் விட்டுவிட்டாள், நான் கதவைத் தள்ளிவிட்டேன். வாயில் பம்போடு என்னைப் பார்த்தாள். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவள் உள்ளே போனால் நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவேன்.

பாப்பா ஐந்தாவது படிக்கும்போதுதான் வவ்வால் எங்கள் வீட்டுக்குள் வந்தது. டீச்சர் போனில் அனுப்பியிருந்தார். மேற்கே நம் மலையில் அழிந்துகொண்டு வருகிற ஒரு வௌவால், அழிந்துகொண்டு வருகிற ஒரு பாடும் பறவை, இரண்டையும் ஒப்பிட்டு ஒற்றுமை வேற்றுமை எழுதி சார்ட் கொண்டுவர வேண்டும். பறவையின் பெயர் சோலைக்கிளி. வௌவாலுக்குப் பழந்தின்னி வௌவால் என்று எழுதியிருந்தது. அதிலும் இது வால் இல்லாத சின்ன வகையாம். இரண்டும் நம் பக்கத்து மலைகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாதாம்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அந்த மலை தெரியும். சிவகிரிக்கு மேலே நீலமாகக் கிடக்கும். அங்கே இப்படி ரெண்டு உயிர் இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சார்ட் ஒட்டுகிற வேலை எனக்கு. சோலைக்கிளி என்று போட்டிருக்கிறது, கிளிதானே என்று பழைய காலண்டரில் இருந்து ஒரு பச்சைக் கிளியை வெட்டி ஒட்டினேன். சிவந்த மூக்கும் கழுத்தில் வளையமுமாக நல்ல கிளி. பாப்பா அதைப் போட்டோ எடுத்து அனுப்ப, டீச்சர் சிரித்துக்கொண்டே பேசி அனுப்பினார். சோலைக்கிளி கிளி இல்லை, காட்டுக்குள் ஓடைக்கரையில் புதருக்குள் இருக்கிற சின்னக் குருவி, நீல நிறம், வயிறு வெள்ளை.

அண்ணன் தறியில் இருந்து எட்டிப்பார்த்தான். "கிளின்னு பேரு வச்சுட்டு கிளி இல்லையாம்லா. பேரு வச்சவனக் கூப்பிட்டு உதைக்கணும்."

"உன் தங்கச்சி ஒன்பதாங்கிளாஸ் வரைக்கும் போனாள்ல, அவளுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் அம்மா.

கிளியைப் பிய்த்தால் சார்ட் கிழியும். மைனிதான் நீலப் பேனாவை எடுத்து உட்கார்ந்து கிளி முழுவதும் நீலமாகத் தீட்டினாள். மூக்கு மட்டும் சிவப்பாகவே நின்றுவிட்டது. "பாவம், பேரு ஒண்ணு, ஆளு ஒண்ணாப் போச்சு" என்றாள்.

சாயங்காலம் டீச்சர் அந்தப் பறவையின் பாட்டை அனுப்பினார். மெல்லிசாக, சீட்டியடிக்கிற மாதிரி ஏறி இறங்குகிற பாட்டு. தறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம். அம்மாவுக்குக்கூடப் பிடித்துவிட்டது. மைனி போனைக் காதில் வைத்து ரெண்டு மூன்று தரம் கேட்டாள். பிறகு கேட்டாள், "வவ்வாலுக்கு ஒண்ணும் அனுப்பலையாட்டி?"

"போட்டோ இருக்குல்லாம்மா."

"போட்டோ ரெண்டுக்கும் இருக்கு. இதுக்குப் பாட்டும் இருக்கு. அதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"அது என்னத்தப் பாடும்?" என்றாள் அம்மா. "வவ்வாப் படத்த வீட்டுக்குள்ள ஒட்டாதீங்க. தரித்திரம் பிடிச்சது."

பாப்பா சார்ட்டில் கோடு போட்டுக்கொண்டு ஒற்றுமை சொல்லச் சொன்னாள். நான், ரெண்டுக்கும் மலைதான் வீடு என்றேன். மைனி யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒளிஞ்சுதான் இருக்கும்னு எழுது. இது புதருக்குள்ள, அது பொந்துக்குள்ள" என்றாள்.

"வேற்றுமை?"

"இது பாடி மாட்டிக்கிடும். அது சத்தம் காட்டாது. மாட்டாது."

பாப்பா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாட்டாதுன்னா பிறகு ஏம்மா அது அழியுது?"

மைனி மூடியில்லாத நீலப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், விரலெல்லாம் மை.

அடுத்த கட்டத்தில் பயன் என்று இருந்தது. பறவைக்கு, பூச்சியைத் தின்னும் என்று எழுதியாயிற்று. வௌவாலுக்கு, பழத்தைத் தின்று விதையைக் காடெல்லாம் போடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா உள்ளே இருந்து சொன்னாள், "இழுப்புக்கு மருந்துட்டி அது. அத எழுது மொத. சூப்பு வச்சுக் குடிச்சா நெஞ்சுச்சளி அத்துக்கிட்டுப் போகும்." சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நேரம் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம். இத்தனை வருஷம் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற வெளிச்சம்.

அம்மாவை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவள் மைனி மேல் வைத்த பிரியத்தில்தான் அதைச் செய்தாள்.

ஐப்பசி மழையில் மைனிக்கு மூச்சு மோசமானது. குழாய்ச் சத்தம் அடிக்கடி கேட்டது. ஒருநாள் காலையில் புளியங்குடிப் பக்கம் இருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்தார். ஹேண்டில்பாரில் ஒரு சணல் பை தொங்கியது. பை தானாக அசைந்தது. முற்றத்தில் வைத்து வாயை லேசாகப் பிரித்துக் காட்டினார். நாய்க்குட்டி முகம். பழுப்பு நிறத்தில் மென்மையான முடி. ரெண்டு கண்ணும் எங்களையே பார்த்தன. நான் அதுவரை ஒரு வவ்வாலின் கண்ணைப் பார்த்ததில்லை.

பாப்பா ஓடிவந்தாள். "ஆச்சி, இது எங்க சார்ட்டுல உள்ள வவ்வாலா? வால் இருக்கான்னு பாக்கச் சொல்லு ஆச்சி."

"வாலப் பாத்துக்கிட்டா பிடிக்க முடியும்?" என்றார் அந்த ஆள். "மலையடிவாரத்துப் பாறையிடுக்குல கெடந்துச்சு. சத்தம் போடாதீங்க, ஃபாரஸ்ட்காரன் காதுல விழுந்தா நான் கம்பி எண்ணணும்."

அது அந்த அபூர்வ வகையா, ஊர்ப்பக்கம் திரிகிறதா, எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அம்மா சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு மைனியைக் கூப்பிட்டாள். "பயப்படாத. நான் மொளகு சீரகம் போட்டு நல்லா வச்சுத் தாரேன். கண்ண மூடிக்கிட்டு நாட்டுக்கோழின்னு நெனச்சுக் குடிச்சிரு."

மைனி கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தாள். "எங்க அப்பாவும் நாட்டுக்கோழின்னுதான் அத்தை சொன்னாங்க."

"எது?"

"நான் நெறைய குடிச்சிருக்கேன். சின்னப் பிள்ளையில, வருசா வருசம். ஒரு தடவ எலும்பு வாயில மாட்டுச்சு, கொடைக்கம்பி மாதிரி நீளமா. அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுக்குப் பெறகும் குடுத்தாங்க. குடிச்சேன். கேக்கல அத்தை. இது கேக்காது. அத விட்ருங்க."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "சின்னப் பிள்ளையில உனக்கு எதுக்குக் குடுத்தாங்க?"

மைனி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்குப் புரிய ஆரம்பித்தது. தறிச் சத்தம் நின்றது. அண்ணன் வாசல்படியில் வந்து நின்றான். அவன் கையில் நூல் சுற்றியிருந்தது.

"அப்ப அங்கன இருந்தே உனக்கு இழுப்பு இருக்கு" என்றாள் அம்மா. "மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டாங்க. நாங்க தறியச் சொல்லி அழுதோம். சாமிட்டப் போயி அழுதேனேட்டி நான். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு நின்னியே."

"ஆமா அத்தை" என்றாள் மைனி.

வாயை மூடிக்கொண்டு அந்தச் சூப்பைக் குடித்திருந்தால் அவளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் தூதுவளை ரசமும் மரியாதையும் அப்படியே இருந்திருக்கும். பைக்குள் இருந்த அந்த முகத்துக்காக எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பிடித்துவந்த ஆள் ரெண்டு பக்கமும் பார்த்தார். "அப்ப இது வேண்டாங்கியளா? நான் திரும்பக் கொண்டு போயி விட முடியாது. வேற வீட்டுல கேட்டிருக்காங்க."

மைனி பையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வாயைத் திறந்து உதறிவிட்டாள். வவ்வால் பறந்தது. பகல் வெளிச்சத்தில் அதற்குத் திக்கு தெரியவில்லை போலும், எதிர்வீட்டுச் சுவரில் மோதி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஓரத்தில் போய்த் தொங்கியது. உடனே காக்கைகள் வந்துவிட்டன.

மைனி நாங்கள் துணி காயப்போடுகிற கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு கீழே போய் நின்றாள். காக்கை வந்தால் கம்பை ஆட்டினாள். அம்மா உள்ளே இருந்து, "உள்ள வரச் சொல்லு அவள, மானம் போகுது" என்றாள். மைனி வரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நின்றேனே தவிர, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

எதிர்வீட்டுக்கார அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னம்மா, எங்க வீட்டுக்கு விருந்தாளிய அனுப்பி வச்சுருக்க?"

"சாயந்தரம் வரைக்கும் இருக்கட்டும் அண்ணாச்சி. இருட்டுனா போயிரும்."

"வவ்வா வீட்டுக்கு விருந்து வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குன்னு சொல்லுவாங்க. இப்ப எங்க வீட்டுல நாங்களும்லா தொங்கணும்."

மைனி சிரித்தாள். தெருவில் நின்று, பல் தெரிய, சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகிவிட்டது. நான் பயந்துபோய் உள்ளே ஓடப் பார்த்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பம்பை எடுத்தாள். தலையை நிமிர்த்தி, தெருவே பார்க்க, வாயில் வைத்து அழுத்தி இழுத்தாள். பிறகு கம்பை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

பொழுது அடைகிற வரை நின்றாள். அது இறக்கையை விரித்து மேற்கே போனதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அதன் பிறகு வீட்டில் பட்டதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா பல மாதம் அவளோடு நேராகப் பேசவில்லை. "பாப்பா, உங்க அம்மாவச் சாப்பிடச் சொல்லு" என்றுதான் பேச்சு. மைனியின் அப்பாவைக் கூப்பிட்டு விட்டு, எங்கள் தெருவாசலில் நிற்க வைத்துப் பேசினார்கள். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். அண்ணன் அவளைத் திட்டவில்லை. ஒருநாள் மட்டும், "தறி மேல பழியப் போட்டியே, அதாம்ட்டி தாங்கல" என்றான். அடுத்த மாதம் அவனே மருந்துக்கடைக்குப் போய்ப் புதுப் பம்பு வாங்கிவந்து, தறிக்குப் பக்கத்து ஜன்னலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தான். மைனி அதைப் பார்த்துவிட்டு அழுதாள். குழாய் திறப்பது அன்றோடு நின்றது.

ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் நானும் அவளும் கோவிலுக்குப் போனோம். எங்கள் கோவிலில் பாம்பு, தேள் மாதிரி உருவங்களைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். அதுகளால் நமக்குக் கெடுதல் வரக் கூடாது, நம்மால் அதுகளுக்குச் செய்த பாவமும் போகட்டும் என்று. மைனி தகடு விற்கிறவரிடம், "வவ்வா இருக்கா?" என்று கேட்டாள்.

"வவ்வாலா? பாம்பு இருக்கு, தேளு இருக்கு. வவ்வா கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா. பறக்கறதுதான் வேணும்னா மயிலு கெடக்கும், தேடித் தரவா?"

"வேண்டாம். அதுக்கு நான் ஒண்ணும் செய்யல."

கடைசியில் உருவம் இல்லாத வெறும் தகடு ஒன்று வாங்கி, ஊக்கால் கீறி ரெண்டு இறக்கை வரைந்தாள். "விரிச்ச கொடை மாதிரி இருக்கு மைனி" என்றேன். "சாமிக்குத் தெரியும்ட்டி" என்றாள். உண்டியலில் போட்டுவிட்டு நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள்.

அன்று திரும்பி வரும்போது நான் கேட்டேன், "அந்தக் குருவி, அந்த வவ்வா, ரெண்டுல ஒண்ணுதான் பிழைக்கும்னா எது பிழைக்கணும் மைனி?"

"குருவிக்கு நெறைய பேரு அழுவாங்க. விட்ரு" என்றாள். கொஞ்சம் நடந்த பிறகு, "நீ மட்டும் அது வேற இது வேறன்னு பிரிக்காத" என்றாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மாசியில் பனவடலிசத்திரத்தில் இருந்து என்னைப் பெண்பார்க்க வந்தார்கள். நல்ல இடம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் இருந்து மைனிதான் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை பின்னிப் பூ வைத்ததும் அவள்தான். பூ வைக்கும்போது என் காதில் சொன்னாள், "அத எடுத்து உள்ள வச்சுட்டேன்."

"எத?"

"பம்ப. தறி ஓட்டுத வீட்டுல அது ஜன்னல்ல இருந்தா, இந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு எப்படியோன்னு அவங்களுக்குத் தோணாதா? அவங்க போன பெறகு எடுத்துக்கிடுவேன். எனக்கு இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே வைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. எனக்கும் அது அவர்கள் கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்றுதான் இருந்தது.

வந்தவர்களுக்கு பஜ்ஜி போட்டாள். அம்மா சாம்பிராணி போட்டிருந்தாள். எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் அடுப்படியில் அடைத்துக்கொண்டன. நான் கூடத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பாப்பா வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, அம்மா கொல்லைல உக்காந்திருக்கா. பேச்சு வரல."

சத்தம் கேட்கக் கூடாது என்று கொல்லைக்குப் போயிருக்கிறாள். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாகிவிட்டது. அண்ணன் தோளைப் பிடித்து, "எங்கட்டி வச்ச? எங்க வச்சன்னு காட்டு" என்று கெஞ்சினான். அவள் வீட்டைப் பார்த்துக் கையைக் காட்டினாள். எந்த இடம் என்று காட்ட முடியவில்லை. பவுடர் டப்பாவைப் பார்த்தோம், பீரோவைக் கலைத்தோம், தறிக்கு அடியில் தேடினோம். ஒளித்து வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். யாரிடம் இருந்து மறைத்தாளோ அவர்கள் காரில்தான் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை அவள் இருக்கவில்லை.

காரியம் வரைக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுச் சோறுதான். அது முடிந்த மறுநாள் அம்மா உலைக்கு அரிசி எடுக்கப் போனாள். அரிசிக்குள் இருந்தது பம்பு. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

பனவடலிசத்திரத்துக்காரர்கள் நாற்பது நாள் கழிந்து சொல்லியனுப்பினார்கள். அவர்களுக்குச் சம்மதமாம். "சீக்கு இல்லாத வீடு எங்க இருக்கு" என்றாளாம் மாப்பிள்ளையின் அம்மா. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன பதில் சொல்ல?

தெருவில், "அன்னைக்கு அந்த வவ்வாலத் தின்னுருந்தா இன்னைக்கு இருந்திருப்பா" என்கிறார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். மைனி தன் வாயாலேயே சொன்னாள். அப்படியும் சில நாள் தறியில் நிற்கும்போது, ஒருவேளை குடித்திருந்தால், என்று என் மனசு போய்விடுகிறது. அவள் விட்டுக்கொடுக்காத ஒன்றே ஒன்று அது. அதையும் நான் மனசுக்குள் சட்டியில் போட்டு வேக வைத்துவிடுகிறேன். இதைவிட வெட்கம் எனக்கு வேறு இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, சாமி இல்லை என்கிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் மைனிக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவளுக்கு மூச்சு தாராளமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். மனசுக்குள் வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவர்கள் காதில் விழட்டும், திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். கொஞ்சம் சத்தமாகவே வேண்டிக்கொள்ளுங்கள்.